கமரூனைப் பங்குபோட்ட அத்தானும் மச்சானும்

ஜேர்மனியின் ஆஹென் நகரத்தில் பஸ் ஓட்டும் பென்ஜமினுக்கு, அறுபதைத் தாண்டிய பிறகு, கமரூன் நாட்டின் வரலாறு அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த நாட்டுக்கு அவர் போனதில்லை. போகிற எண்ணமும் இல்லை. ஆபிரிக்காவின் மேற்குக் கரை உள்ளே வளைகிற மூலையில் அது கிடக்கிறது என்பதையே அந்த மே மாதத்தில்தான் வரைபடம் பார்த்து அறிந்துகொண்டார். ஆனால் செப்டெம்பர் வருவதற்குள், அந்த நாட்டுக்காகச் சொந்த மச்சானோடு கதைபேச்சை முறித்துக்கொள்ளும் அளவுக்கு அதன்மேல் பற்று வளர்ந்துவிட்டது. தூரத்து நாட்டின்மேல் வைக்கும் பற்றில் ஒரு வசதி உண்டு. அதற்காக எதையும் செய்யவேண்டியதில்லை, கதைத்தால் போதும்.

காரணம் தேர்தல். நகரசபைக்குப் பக்கத்துணையாகக் குடிவந்தோர் அவை என்று ஒன்று இருக்கிறது. அதன் ஜேர்மன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் அடுத்த தரிப்புக்கு வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாக்குப் போட்டு அதன் உறுப்பினர்களைத் தெரிவுசெய்யலாம். உறுப்பினர்கள் நகரத்துக்கு ஆலோசனை சொல்லலாம். நகரம் அதைக் கேட்கத்தான் வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

"கேக்காட்டில் போகட்டும். சொல்லுற கதிரையில இருக்கோணும்" என்றார் பென்ஜமின், வேட்பாளராக நிற்கும் முடிவை மனைவி பிளோறன்ஸுக்கு அறிவித்தபோது.

"வீட்டில நீங்கள் சொல்லுறதை முப்பது வருசமாய் ஒருத்தரும் கேக்கேல்லை. அந்தப் பழக்கம் இருக்கிறபடியால் அங்கை கஷ்டமிராது" என்றார் பிளோறன்ஸ்.

பென்ஜமின் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்தவர். ஏஎல் சோதனையில் நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழகம் கிடைக்காமல் போனவர். அந்தக் காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழக இடங்களை மாவட்டப் பங்காகப் பிரித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு அடித்த அடியில் வரலாற்றுப் பேராசிரியர் ஆகியிருக்கவேண்டிய தாம் பஸ் சாரதி ஆனதாக அவர் சொல்லுவார். இடையில் அகதி விண்ணப்பம், உணவகத்துக் குசினி, ஒரு பிஸ்கற் தொழிற்சாலை ஆகியவை இருந்தன. பேராசிரியர் கதையில் அவற்றுக்கு இடமில்லை. அந்தக் கதையில் இடமில்லாத இன்னொரு சங்கதியும் உண்டு. யாழ்ப்பாணத்தைத் தண்டித்த அதே பங்குமுறை, பின்தங்கிய மாவட்டமென்று மன்னாருக்குச் சலுகை கொடுத்தது. அந்தச் சலுகையில், பென்ஜமினைவிடக் குறைந்த புள்ளியோடு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களில் ஒருவர் மன்னாரைச் சேர்ந்த றெக்ஸ். படிப்பை முடிக்காமலே எண்பத்துமூன்றில் அவர் நாட்டைவிட்டு வெளிக்கிட்டார். பிறகு, பென்ஜமின் றெக்ஸின் அக்கா பிளோறன்ஸைக் கலியாணம் செய்தார். இன ஒடுக்குமுறையின் பலனை அனுபவித்த மனிதனோடு கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் ஒரே மேசையில் இருந்து சாப்பிடவேண்டிய நிலை அவருக்கு இப்படித்தான் வந்தது.

பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் ஒரு சிறு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது: ஓட்டுநரோடு பேசவேண்டாம். வேறு சாரதிகளுக்கு அது பாதுகாப்பு. கதைத்தே வாழப் பிறந்த பென்ஜமினுக்கு அது தண்டனை. நகரத்தில் பாதிப்பேர் அவருடைய பிடரியை நன்றாக அறிவார்கள். முகத்தைக் கண்டால் தெரியாது. அவை மண்டபத்தில் மேசைக்கு முன்னால் அமர்ந்து, பெயர்ப்பலகை வைத்து, ஒலிவாங்கியை அழுத்தி, ஊர் தம் முகத்தைப் பார்க்க ஒரு வசனம் பேசவேண்டும் என்பது அவருடைய ஆசை. பெரிய ஆசை என்று சொல்லமுடியாது. ஆனால் ஓய்வுபெறுவதற்கு முன் மிச்சமிருந்த ஒரே ஆசை அது.

தடையாக இருந்தது எண்ணிக்கை. ஆஹெனில் தமிழர் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரும் இரண்டு சங்கமாக இருந்தார்கள். முதலில் ஆஹென் தமிழ் மன்றம் என்று ஒன்றுதான் இருந்தது. தலைவர் பென்ஜமின், செயலாளர் றெக்ஸ். மன்றத்தின் ஆண்டுவிழாவில் றெக்ஸின் நன்றியுரை நீண்டுகொண்டே போனது. மண்டபத்தை ஒப்படைக்கும் நேரம் நெருங்க, பஸ் நேரம் தவறாத பென்ஜமின் ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கினார். மிச்ச நன்றியைச் சொல்வதற்காக றெக்ஸ் புதிய சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பிரிந்துபோய்த் தொடங்கிய சங்கத்துக்கு ஒன்றியம் என்று பெயர் வைத்தார். இரண்டு சங்கமும் ஒரே பள்ளிக்கூடக் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடத்தின. மன்றம் சனிக்கிழமை, ஒன்றியம் ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாளும் பிள்ளைகள் ஒரே அகரவரிசையைத்தான் படித்தார்கள்.

ஆகவே பென்ஜமின் வேட்பாளர் ஆனார் என்ற செய்தி பரவிய கிழமையே றெக்ஸும் வேட்பாளர் ஆனார்.

"என்னத்துக்கடா உனக்கு?" என்று பென்ஜமின் தொலைபேசியில் கேட்டார்.

"தமிழருக்கு ஒரு பிரதிநிதி வேணும் அத்தான்."

"அதுக்குத்தானே நான் நிக்கிறன்."

"அதாலதான் நானும் நிக்கிறன்."

வாக்கு வெளியில் தேடவேண்டியதாயிற்று. பென்ஜமின் முதலில் நினைத்தது இந்தியத் தமிழ் மாணவர்களை. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த அவர்களில் ராகவேந்திரன் என்ற பையன் அவருடைய பஸ்ஸில் தினமும் முன்கதவால் ஏறி வணக்கம் சொல்பவன். அறிவித்தலைப் பொருட்படுத்தாமல் அவனோடு பென்ஜமின் விஷயத்தைக் கதைத்தார்.

"சாரி அங்கிள். வோட்டு போடணும்னா ஒரு வருஷமாவது இந்த நாட்டுல இருந்திருக்கணுமாம். நான் போன அக்டோபர்லதான் வந்தேன். என் பேட்ச்ல முக்கால்வாசி அப்படித்தான்" என்றான் அவன். பிறகு, ஆறுதலாக, "எங்க ஹாஸ்டல்ல கமரூன் பசங்க நிறைய அங்கிள். எல்லாரும் இங்கயே பேச்சலர்ஸ் பண்ணினவங்க, நாலஞ்சு வருஷமா இருக்காங்க. ரொம்ப யுனைட்டடா இருப்பாங்க. ஒருத்தர் சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றான்.

ஒற்றுமையாக இருக்கும் ஒரு சமூகம் நகரத்தில் இருக்கிறது என்ற செய்தி பென்ஜமினை அதிரவைத்தது. அன்றிரவே அவர் கமரூனைப் படிக்கத் தொடங்கினார்.

படிக்கப் படிக்க அவருக்குப் பரவசம் கூடியது. கமரூன் என்ற நாட்டை ஒன்றாகக் கோடு போட்டு எடுத்தது ஜேர்மனி. முதலாம் உலகப்போரில் அது கைமாற, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு துண்டாக வெட்டிக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரருக்குப் பெரிய துண்டு. அறுபதில் பெரிய துண்டு விடுதலை பெற்றது. அடுத்த வருடம் ஆங்கிலத் துண்டின் தென்பாதி வாக்கெடுப்பு வைத்து அதனோடு கூட்டாட்சியாகச் சேர்ந்தது. எழுபத்திரண்டில் கூட்டாட்சி கலைக்கப்பட்டு ஒற்றையாட்சி வந்தது. எழுபத்திரண்டு என்ற எண்ணைக் கண்டதும் பென்ஜமின் நாற்காலியை விட்டு எழும்பிவிட்டார். இலங்கை புதிய அரசியல் யாப்பு எழுதித் தன்னை ஒற்றையாட்சிக் குடியரசு என்று அறிவித்ததும் அதே வருடத்தில்தான். அதுவும் அதே மே மாதத்தில்.

"பிளோறன்ஸ், இஞ்சை வாரும். இவங்கள் எங்கட ஆக்கள்" என்று அவர் கூப்பிட்டார்.

"ஆர்?"

"கமரூன் ஆக்கள். அதுவும் இங்கிலிஸ் பேசுற பக்கம். அவைக்கு ஏஎல் சோதனை இருக்காம் அப்பா. ஓஎல், ஏஎல், எல்லாம் எங்களை மாதிரி. இங்கிலிஸ் பள்ளிக்கூடங்களுக்குப் பிரெஞ்சுப் படிப்பிச்ச வாத்திமாரை அனுப்பி, கோட்டுக்குப் பிரெஞ்சு நீதவான்மாரை அனுப்பி, அதாலதான் ரெண்டாயிரத்துப் பதினாறில வாத்திமாரும் சட்டத்தரணிமாரும் தெருவில இறங்கினவை."

"பாவங்கள்" என்றார் பிளோறன்ஸ். "அவைக்கும் உங்களை மாதிரி ஆக்கள் இருந்திருப்பினம்."

கமரூன் மாணவர் சங்கத்தில் ஆங்கிலப் பக்கத்தைச் சேர்ந்தவள் என்று ராகவேந்திரன் காட்டிவிட்டது றெலிண்டிஸ் என்ற பெண்ணை. பமெண்டா நகரத்தவள், மின்பொறியியல் மாணவி. அவளைப் பென்ஜமின் ஒரு சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். அவள் தன்னோடு ஹேர்வே என்ற இளைஞனையும் கூட்டிவந்தாள். ஹேர்வே மாணவர் சங்கத்தின் தலைவன், பிரெஞ்சு பேசும் டுவாலா துறைமுகத்தைச் சேர்ந்தவன், இயந்திரப் பொறியியல் மாணவன், அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். இந்தக் கடைசித் தகவல் பென்ஜமினின் வரலாற்றுக்குள் அடங்கவில்லை. ஆகவே அவர் அதைக் கவனிக்காமல் விட்டார்.

இருவரும் தங்களுக்குள் பேசியது ஜேர்மனில். முப்பது வருடம் கமரூனை ஆண்டும் ஜேர்மனியால் அங்கே தன் மொழியை ஊன்ற முடியவில்லை. ஆஹெனில் இரண்டு செமஸ்டர் போதுமாக இருந்திருக்கிறது. பென்ஜமினும் அவர்களோடு ஜேர்மனில்தான் கதைத்தார்.

"ஒரே வளவுக்குள் இரண்டு பள்ளிக்கூடம் இருக்குமாமே?" என்று கேட்டார், படித்ததை மறக்கமுன் சொல்லிவிடும் வேகத்தில்.

"நான் படித்ததே அப்படி ஒன்றில்தான்" என்றாள் றெலிண்டிஸ். "இருமொழிப் பள்ளிக்கூடம் என்று பெயர்ப்பலகையில் இருக்கும். இரண்டு மொழியும் அந்த வளவுக்குள் இருக்கிறபடியால் அது பொய்யில்லை. ஆங்கிலப் பிரிவு இந்தக் கட்டடம், பிரெஞ்சுப் பிரிவு அந்தக் கட்டடம். நடுவில் கொடிக்கம்பம். கொடியேற்றும்போது மட்டும் ஒன்றாக நிற்போம்."

"என்ன அநியாயம். ஒரே கட்டடத்தில் படித்தும் பிரிந்திருப்பதா?" என்றார் பென்ஜமின்.

பிளோறன்ஸ் ஆட்டிறைச்சிக் கறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவரை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார்.

"இப்போது அந்தப் பள்ளிக்கூடம் நடக்கிறதா?"

றெலிண்டிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "பல வருடம் மூடிக் கிடந்தது. திறந்தால் ஆயுதமெடுத்த பிரிவினைக்காரர் சுடுவார்கள், திறக்காவிட்டால் அரசாங்கம் சிறையில் போடும். என் தம்பி வீட்டில் இருந்தே வளர்ந்தான். நீங்கள் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அவன் படிக்காமல் விட்ட வகுப்புகள் அவனுக்குத் திரும்பி வரப்போவதில்லை."

அந்த இடத்தில் பென்ஜமின் வாயை மூடியிருக்கலாம். அவருக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வேட்பாளராக இருப்பவரிடம் மௌனத்தை எதிர்பார்க்கக் கூடாது. "விளங்குகிறது" என்று தொடங்கி, யாழ்ப்பாணத்துப் புள்ளிப் பங்கீட்டைப் பழம் சாப்பிட்டு முடியும்வரை விளக்கினார்.

"எங்கள் நாட்டிலும் அரசாங்கப் போட்டிப் பரீட்சையில் பிரதேசவாரியாகப் பங்கு உண்டு" என்றான் ஹேர்வே. "பின்தங்கிய வடக்குக்குச் சலுகை. நல்லதா கெட்டதா என்பது அவரவர் எந்தப் பக்கத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்தது."

இது றெக்ஸ் சொல்லும் வாதம் மாதிரி இருந்தபடியால் பென்ஜமினுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை றெக்ஸ் வீட்டில் ஹேர்வேக்கு மதியச் சாப்பாடு. ஹேர்வே றெலிண்டிஸையும் கூட்டிப்போனான். இதைப் பிளோறன்ஸ்தான் கண்டுபிடித்துச் சொன்னார். றெக்ஸின் கணக்கு எளிமையானது. கமரூனில் பிரெஞ்சு பேசுவோர் பெரும்பான்மை. ஆகவே ஆஹெனிலும் வாக்கு அங்கேதான் அதிகம். அத்தான் சிறுபான்மையைப் பிடித்தால் தான் பெரும்பான்மையைப் பிடிப்பது. தமிழர் விஷயத்தில் வாழ்நாள் முழுக்கப் பிரிவினைபேசிய மனிதர், ஒரு கிழமைக்குள் கமரூன் நாட்டின் ஒருமைப்பாட்டுக்குக் காவலர் ஆனார். மன்றமும் ஒன்றியமும் ஒன்றாகவேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கண்கலங்கப் பேசும் பென்ஜமினோ, கமரூனைப் பொறுத்தவரை கூட்டாட்சிக்குக் குறைந்த எதையும் ஏற்பதாக இல்லை.

பென்ஜமினின் பேத்தியின் பிறந்தநாளில் இருவரும் ஒரே மேசையில் சந்தித்தார்கள்.

"அத்தான், அறுபத்தொண்டில வாக்குப் போட்டு விரும்பித்தானே சேர்ந்தவை. பிறகென்ன பிரச்சினை?" என்று றெக்ஸ் தொடங்கினார்.

"தனிய இருக்கிறதோ எண்டு அவையைக் கேட்டதே இல்லையடா. நைஜீரியாவோ கமரூனோ எண்டுதான் கேட்டது. ரெண்டு மாப்பிளையைக் காட்டி ஒண்டைத் தெரி எண்டால் அது விருப்பமே?"

"அக்காவுக்கு ஒரு மாப்பிளையைத்தான் காட்டினவை. அவ சந்தோசமாய் இல்லையே?"

"என்னை உதுக்குள்ள இழுக்காதை" என்றார் பிளோறன்ஸ்.

"ஒரு நாடெண்டால் ஒரு நாடு அத்தான். ஆளுக்கொரு துண்டு கேட்டால் எங்கை போய் முடியிறது?"

"ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மாதிரி முடியும்" என்றார் பென்ஜமின்.

"மைக்கைப் பிடுங்கினது ஆர்?"

"ஒன்பது மணிக்கு மண்டபம் குடுக்கோணும்."

"பாத்தியளோ, எழுபத்திரண்டில கமரூனிலயும் உதைத்தான் சொல்லியிருப்பினம். நேரம் போட்டுது, வயரைக் கழட்டு."

பென்ஜமின் கேக் துண்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். அன்றிலிருந்து இருவருக்கும் கதையில்லை. ஆபிரிக்காவில் நடந்த அரசியல் யாப்பு மாற்றம் ஒன்று, அரை நூற்றாண்டு கழித்து, ஆஹெனில் ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பத்தைப் பிரித்தது இப்படித்தான்.

தேர்தலுக்கு முந்திய கிழமை கமரூன் மாணவர் சங்கம் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்து வேட்பாளர்களை அழைத்தது. மாதத்தில் ஒருநாள் தமிழ்ப் பூசைக்குப் பிறகு தமிழர் தேநீர் குடிக்கும் அதே மண்டபம். பென்ஜமின் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு பையில் பொன்னாடை. யாராவது ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் மேடையில் பேசுவது எப்படி என்று அவருக்குத் தெரியாது. றெக்ஸின் கையிலும் ஒரு பை இருந்தது. அதற்குள் என்ன இருக்கும் என்று பென்ஜமினுக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. இருவரும் ஒரே கடையில்தான் வாங்குவார்கள்.

மாணவர்கள் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் எந்தத் துண்டு என்று கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது. இது பென்ஜமினுக்குச் சங்கடமாக இருந்தது. மேடையேறி, றெலிண்டிஸை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் வந்தது. பிறகு, ஆங்கிலப் பக்கத்துக்கு ஆங்கிலத்திலேயே சில வார்த்தை சொல்ல விரும்புவதாகவும், அவர்கள் எழும்பி இடதுபக்க வரிசைகளுக்கு வந்தால் வசதியாக இருக்கும் என்றும் ஜேர்மனில் கேட்டுக்கொண்டார். பஸ்ஸில் சனத்தைப் பின்னுக்கு நகரச் சொல்லும் அதே பணிவோடு கேட்டார்.

ஒருவரும் எழும்பவில்லை.

றெக்ஸ் இருந்த இடத்திலிருந்தே எழும்பி, "யாரும் நகரவேண்டாம், கமரூன் பிரிக்கமுடியாதது" என்று பிரெஞ்சில் சொன்னார். மூன்று நாள் பாடமாக்கிய வசனம். சொல்லிக்கொண்டே போய் ஹேர்வேக்குத் தம் பொன்னாடையைப் போர்த்தினார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு" என்று பென்ஜமின் ஒலிவாங்கியில் தொடங்கினார்.

றெலிண்டிஸ் பொன்னாடையோடு நடந்து வந்து ஒரு விரலை உயர்த்தினாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

பென்ஜமினுக்குத் தெரியாத ஒரு பகுதி கமரூனின் பொதுவாழ்வில் இருந்தது. அவர் படித்தவற்றில் அது வரவில்லை. அந்த நாட்டில் எந்த ஊர்ச் சங்கமானாலும் ஒழுங்கு பார்க்கவென்று ஒருவரை நியமித்து வைப்பார்கள். பிந்தி வந்தால் தண்டம், குறுக்கே பேசினால் தண்டம். தலைவரும் விதிவிலக்கில்லை. ஆஹென் மாணவர் சங்கத்தில் அந்தப் பதவி றெலிண்டிஸுக்கு. ஊரில் சண்டை தொடங்கியபோது இங்கேயும் சங்கம் உடையப் பார்த்தது. அதன் பிறகு போட்ட விதி, ஊர் அரசியலைக் கூட்டத்தில் எடுப்பவர் எல்லோருக்கும் ஒரு பெட்டி பியர் வாங்கவேண்டும். அவர்களுடைய ஒற்றுமையின் இரகசியம் அவ்வளவுதான். ஒருவரையொருவர் நேசித்தார்கள் என்று சொல்லமுடியாது. தண்டத்துக்குப் பயந்தார்கள்.

"பென்ஜமின் ஐயாவுக்கு ஒரு பெட்டி. றெக்ஸ் ஐயாவுக்கு ஒரு பெட்டி" என்று அறிவித்தாள் றெலிண்டிஸ். "இது எங்கள் தலையிடி. நாங்கள் அதை மறந்துவிடவில்லை, இங்கே எடுப்பதில்லை. இனி உங்களிடம் கேள்வி."

பின்வரிசையில் ஒரு மாணவன் கேட்டான். "நூலகம் நள்ளிரவில் மூடுகிறது. எங்கள் விடுதிப் பக்கம் போகும் கடைசி பஸ் அதற்கு முன்பே போய்விடுகிறது. குளிர்காலத்தில் மேட்டில் நடந்துதான் போகிறோம். நீங்கள் வந்தால் இதற்கு என்ன செய்வீர்கள்?"

மண்டபம் பென்ஜமினைப் பார்த்தது. அவர் திரும்பி நின்றிருந்தால் பாதிப்பேர் அவருடைய பிடரியை அடையாளம் கண்டிருப்பார்கள். அந்தக் கடைசி பஸ்ஸை வாரத்தில் பாதி நாள் ஓட்டுவதே அவர்தான். அது ஏன் அந்த நேரத்துக்குப் போகிறது, எந்த இரண்டு வழிகளைச் சேர்த்தால் பிந்தி விடலாம், யாரிடம் கேட்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் இந்த ஒரு மாலைக்காகத்தான் அவர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நாற்பது வருடத்துக்கு முன் விட்டுப்போன பேராசிரியர் அவருக்குள் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"நான் இங்கே பஸ் சாரதியாக வரவில்லை" என்றார் பென்ஜமின்.

மாணவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

"நான் செய்து தருகிறேன்" என்றார் றெக்ஸ். அவரிடம் கார் இருந்தது. பஸ்ஸில் ஏறிப் பல வருடம் ஆகியிருந்தது.

அவைக்கான கடைசி ஆசனத்தை றெக்ஸ் பிடித்தார். விடுதி இருக்கும் வட்டாரத்து வாக்கு மொத்தமாக அவருக்குப் போயிருந்தது, ஆங்கிலப் பக்கம் பிரெஞ்சுப் பக்கம் என்ற வேறுபாடில்லாமல். பென்ஜமினுக்கு விழுந்த வாக்கு அவருடைய சொந்தக்காரரின் தொகையைவிடக் குறைவு. யார் போடவில்லை என்ற ஆராய்ச்சியில் அவர் ஒரு கிழமை இருந்தார்.

"நீர் ஆருக்குப் போட்டனீர்?" என்று கடைசியில் மனைவியைக் கேட்டார்.

"வாக்கு இரகசியம்" என்றார் பிளோறன்ஸ். "இலங்கையிலயும் கமரூனிலயும் யாப்பில இருக்கு. படிக்கேல்லையோ?"

பென்ஜமின் பஸ் ஓட்டினார். கமரூன் புத்தகங்களை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். கடைசி பஸ்ஸில், முன்கதவால் ஏறிய ஒருசிலர் அவருக்கு மாலை வணக்கம் சொன்னார்கள். அதை அவர் பரிகாசமாக எடுத்துக்கொண்டார்.

ஜனவரியில் றெக்ஸ் வந்து பென்ஜமின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அத்தான், அடுத்த கூட்டத்தில நான் பஸ் விசயம் கதைக்கோணும். பொடியள் விடுறாங்கள் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து நிக்கிறாங்கள்."

"கதைக்க உனக்குச் சொல்லித்தரோணுமே. நன்றியுரையை நாலு மணித்தியாலம் இழுத்தவன்."

"எனக்கு அந்த பஸ் எங்கையால போறதெண்டே தெரியாது."

"தெரியாமலோ செய்து தாறனெண்டனீ?"

"தெரிஞ்ச நீங்கள் மாட்டனெண்டியள். பிறகு நான் என்ன செய்ய?"

பென்ஜமின் வாசலிலேயே நின்றார், உள்ளே வா என்று சொல்லவில்லை. சும்மா இருந்தால் றெக்ஸ் அவையில் எழும்பி உளறுவார், ஊர் பார்க்கும். அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. முந்தினநாள் இரவு, பஸ் புறப்பட்டுவிட்டதைக் கண்டும் மேட்டில் ஓடிவந்த ஒரு பொடியன் பஸ்ஸின் பக்கக் கண்ணாடிக்குள் சின்னதாகிக்கொண்டு போனதும் கூடவே நினைவுக்கு வந்தது.

"துறை தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிட்டுக் கேக்கலாம் எண்டு விதி இருக்காம் அத்தான்" என்றார் றெக்ஸ். "நிபுணர் எண்டு சொல்லுறவை. உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டால் வேண்டாமெண்டுவியள்."

உள்ளேயிருந்து பிளோறன்ஸ், "தம்பி, குளிருக்குள்ள நில்லாதை, வந்து சாப்பிடு" என்றார். அது தீர்ப்பாயிற்று.

அவை மண்டபத்தில் பென்ஜமினுக்கு மேசையின் ஓரத்தில் கதிரை போட்டிருந்தார்கள். ஒலிவாங்கி இருந்தது. தண்ணீர் போத்தலும் கிளாசும் இருந்தன. முன்னால் மடித்து வைத்த பெயர்ப்பலகையில் அவருடைய முழுப்பெயர் பிழையில்லாமல் அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே, அவர் எந்தத் துறையின் நிபுணர் என்பதை விளக்க, இன்னொரு வரி: பஸ் சாரதி.

பார்வையாளர் வரிசையில் றெலிண்டிஸும் ஹேர்வேயும் இன்னும் பல மாணவர்களும் வந்திருந்தார்கள். பென்ஜமின் கிளாசில் தண்ணீர் ஊற்றினார். அதைப் பெயர்ப்பலகைக்கு முன்னால், கீழ்வரி மறைகிற மாதிரி, இரண்டு தரம் நகர்த்திச் சரிபார்த்து வைத்தார். அவைத் தலைவி அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தபோது ஒலிவாங்கியை அழுத்தினார்.

கழுத்துப்பட்டிக்குரிய குரலில் தொடங்கினார். "இந்த நகரத்தின் போக்குவரத்தை வரலாற்று நோக்கில் பார்த்தால்" என்றார். ஒரு உறுப்பினர் கைத்தொலைபேசியை எடுத்தார். இன்னொருவர் கண்ணை மூடினார். றெக்ஸ் மேசைக்குக் கீழே பார்த்தார். பென்ஜமின் நிறுத்தினார். பிறகு, இரண்டு வழிகள் கடைசி நேரத்தில் ஒரே தெருவால் பாதி வெறுமையாக ஓடுவதையும், ஒன்றை நிறுத்தி மற்றதைப் பிந்தி விட்டால் புதிய சாரதியோ புதிய பஸ்ஸோ தேவைப்படாது என்பதையும் சொன்னார். எந்தத் திருப்பத்தில் பனிக்காலத்தில் பஸ் வழுக்கும், எந்தத் தரிப்பில் ஒருவரும் ஏறுவதில்லை என்பதையும் சொன்னார். கண்மூடியிருந்தவர் கண்ணைத் திறந்து, அந்தத் தரிப்பில் தாம் ஏறுவதுண்டு என்றார்.

"நீங்கள் ஏறுவது காலையில். ஏழு மணி பஸ்ஸில்" என்றார் பென்ஜமின். "வலதுபக்கம், கதவுக்குப் பின்னால் இருப்பீர்கள்."

அந்த உறுப்பினர் முகம் சிவந்து, முதல்முறையாகப் பென்ஜமினின் முகத்தைப் பார்த்தார்.

அவை நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இந்த ஆலோசனையைப் போக்குவரத்துக் குழுவுக்கு ஆலோசனையாக அனுப்ப ஏகமனதாகத் தீர்மானித்தது. கேள்வி நேரம் தொடர்ந்தது. மாணவர் வரிசையிலிருந்து ஒருவன் கை உயர்த்த, தலைவி அனுமதிக்க, பென்ஜமின் இன்னொருதரம் முதலிலிருந்து விளக்கத் தொடங்கினார். அவ்வளவு நேரம் அவரை ஒருவரும் இடைமறிக்காமல் கேட்டது வாழ்நாளில் அதுதான் முதல்தடவை. தொண்டை காய்ந்துவிட்டது. பேச்சை விடாமலே பெயர்ப்பலகைக்கு முன்னால் இருந்த கிளாசை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார், அதைக் கைக்கு எட்டிய இடத்தில், றெக்ஸின் கடதாசிகளுக்கு மேலே, வைத்தார், பிறகு மேட்டுத் தெருவின் இரண்டாவது திருப்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனார்.